தக்கையில் வேறு எண்ணெய்

ரீல்காரருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. சொன்னால் சிரிப்பீர்கள். ஊரில் பாதி மீன்பிடிக்காரர்களின் தூண்டிலில் நூல் சுற்றுகிற ரீலைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுக்கிற மனுஷன், ஆற்றில் கணுக்கால் நனைத்தது கிடையாது. வாளித் தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருந்தாலே அடுக்கடுக்காகத் தும்முவார். அந்தத் தும்மலுக்குப் பயந்துதான் கடையில் மேஜைக்கு அடியில் ஹீட்டர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆற்றுக்குப் போவது அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். மத்தியானம் வந்து குளித்துச் சாப்பிடுவாள். சாயங்காலம் அவளுடைய ரீலை அவர் பிரிப்பார். எதிரே முக்காலியில் அவள் உட்கார்ந்து, வந்த மீன், வராத மீன், வந்துவிட்டு ஏமாற்றிய மீன் எல்லாவற்றின் கதையையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். கல்யாணமான புதிதிலிருந்து இதுதான். மற்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள், இவர்கள் ரீல் பிரித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சாயங்காலம்தான் மாசக்கணக்காகக் காணாமல் போயிருந்தது. "இன்னிக்கு வேண்டாங்க, நீங்களே வாரம் பூரா இதைத்தானே பாக்கறீங்க, ஓய்வெடுங்க" என்பாள். பரிவாகத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே பரிவு வந்தால் யாருக்குத்தான் மூக்கில் வேர்க்காது?

ஒரு ஞாயிறு அவள் அலுப்பில் சோபாவிலேயே தூங்கிப் போனாள். சரி, எழுந்திருக்கும்போது வேலையை முடித்து வைத்திருப்போம் என்று ஆசையாக அவள் பையிலிருந்து ரீலை எடுத்தார். எடுத்ததுமே கை நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ரீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உள்ளே டிராக் என்று ஒரு பிரேக் இருக்கிறது. பழைய மாதிரி ரீல்களில் அது ஒரு தக்கை வட்டு, அதன்மேல் அழுத்துகிற ஓர் உலோகத் தட்டு, வெளியே ஒரு திருகு, அவ்வளவுதான். மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது நூல் வழுக்கி வழுக்கிச் சீராகப் போக வேண்டும். முதல் இழுப்பில் ஒரு கணம் சிக்கிக்கொண்டு பிறகு விட்டால் போச்சு, முனையில் இருக்கிற தலைமுடி கனத்து நூல் பட்டென்று அறுந்துவிடும். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தக்கை நசுங்கியே கிடந்து செத்துவிடும். இதை மனைவிக்கு அவர் எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பார்! கெஞ்சியும் சொன்னார், கத்தியும் சொன்னார். அவள் ஒரு நாள் கூடத் தளர்த்தினதில்லை.

இன்றைக்குத் திருகு தளர்ந்திருந்தது. பூஜ்யத்தில் நின்றது.

மூடியைத் திறந்தார். தக்கையின்மேல் அவருடைய மருந்தைக் காணோம். மருந்து என்றால் அவர் தாமே கண்டுபிடித்த கலவை. கிரீஸோடு மெழுகையும் இன்னும் என்னென்னவோ சேர்த்துக் காய்ச்சி, மஞ்சளாக, கெட்டியாக, ஜாடியில் வைத்திருப்பார். போன வருஷம்தான் பக்குவம் வந்தது. கட்டைவிரலால் எடுத்துத் தாராளமாக அப்புவார். அது அத்தனையும் சுத்தமாக வழித்து எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு ஏதோ எண்ணெய், மெல்லிசாக, தக்கை குடித்த அளவுக்கு மட்டும். மூக்கருகே கொண்டுபோனார். புதுச் செருப்பு வாசனை அடித்தது.

யாரோ ஒருத்தன் இவருடைய பெண்டாட்டியின் ரீலைத் திறந்திருக்கிறான். திறந்து, இவருடைய மருந்தை அழித்துவிட்டு, அவனுடையதைப் போட்டு, திருகைத் தளர்த்தி, பத்திரமாகப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறான்!

அதையும் கூடப் பொறுத்திருப்பார். நூல் சுற்றியிருக்கிற ஸ்பூலை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. திணறலே இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் சுற்றியது, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. வேலை அவ்வளவு நன்றாக இருந்தது. பாவி, வேலை தெரிந்தவன்.

சோபாவில் அவள் புரண்டு படுத்தாள். அவர் ரீலை மூடினார். "யாரு அவன்?" என்று அப்போதே உலுக்கி எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, அவள் ஒரு பேரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அந்த வாரம் அவர் பேசின ஒவ்வொரு வார்த்தையிலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "காப்பி ஆறிப்போச்சு" என்றார். "இப்பத்தானே அடுப்பிலிருந்து எறக்கினேன்?" என்றாள். "அப்ப நாக்குதான் ஆறிப்போச்சு போல" என்றார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரம் இல்லையே" என்று தன் வேலையைப் பார்க்கப் போனாள். அந்தக் கை பட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. போனது எங்கேயும் தொலையவில்லை, கடைக்குள் நுழைந்ததும் திரும்ப வந்துவிட்டது.

கடைக்கு வருகிற ஒவ்வொருவனின் விரலையும் பார்த்தார். நகத்தடியில் எண்ணெய் இருக்கிறதா? பெண்கள் ரீலைத் தொடும்போது எவன் பல்லைக் காட்டுகிறான்? ஒருவர் சும்மா, "வீட்டில எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். "எதுக்குக் கேக்கறீங்க?" என்று இவர் பாய்ந்ததில், மனுஷன் தன் ரீலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே போனார்.

சனிக்கிழமை பொறி வைத்தார். அவள் ரீலைத் தாமே எடுத்து, தக்கையில் தம் மருந்தைப் பூசி, மூடியின் உட்பக்கத்தில், எதுவும் உரசாத ஒரு மூலையில், கொஞ்சம் மருந்தை வைத்துக் கட்டைவிரலை அழுத்திப் பதித்தார். ரேகை அச்சாக விழுந்தது. திறக்காதவரை அது கலையாது. திறந்தாலும் கலையாது, துடைத்தால்தான் கலையும். மூடினார்.

ஞாயிறு மத்தியானம் அவள் குளிக்கப் போன நேரத்தில் திறந்து பார்த்தார். ரேகை இல்லை. மூடி பளபளவென்று இருந்தது. தக்கையில் அதே செருப்பு வாசனை. குளியலறையில் அவள் பாட்டு வேறு!

செருப்பு வாசனை, செருப்பு வாசனை என்று மண்டையைக் குடைந்தவருக்குத் திங்கட்கிழமை காலையில் பளிச்சென்று உறைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு தோல்பைக்காரர் இருந்தார். பெண்டாட்டி இல்லாதவர். வாட்டசாட்டமான ஆள். மீசையை மட்டும் தனியாக வளர்த்துக் காட்சிக்கு வைக்கலாம், அப்படி ஒரு மீசை. ரீல்காரருக்கு மீசை வைத்தால் தும்மல் வரும்.

கருவிப் பெட்டிக்கு ஒரு வார் தைக்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அறைந்தது. இவரைக் கண்டதும் தோல்பைக்காரர் மேஜைமேல் இருந்த எதையோ அவசரமாக இழுப்பறைக்குள் தள்ளினார். தள்ளினது ரீல். இவருடைய கண்ணுக்கு ரீல் தப்புமா? அதுவும் போன வெள்ளிக்கிழமை இவரே சர்வீஸ் பண்ணிக் கொடுத்த ரீல்.

"வாங்க, வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

"ரெண்டு தெரு. தூரமா?" என்றார் ரீல்காரர். ஜன்னலோரம் ஒரு குப்பி இருந்தது. "இது என்ன எண்ணெய்?"

"தோலுக்குப் போடறதுங்க. மாட்டுக் குளம்பிலேர்ந்து எடுக்கறது. காயவும் காயாது, குளிர்ல உறையவும் உறையாது. இதோட அருமை எல்லாருக்கும் தெரியாது. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்."

ரீல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போறதுண்டா?"

"தவறாமப் போயிடுவேன்" என்று சொல்லித் தோல்பைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். வழக்கமாகத் தடவுகிற தடவல்தான். ஆனால் பார்த்தவர் இருந்த நிலையில் அந்தத் தடவலை மன்னிக்க முடியவில்லை. வாரைத் தைக்கக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். பிடித்த பிறகு? அதை யோசிக்கும்போதெல்லாம் எதிரே காலியான முக்காலிதான் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து கதை சொல்ல அவள் இல்லாவிட்டால் இந்தக் கடை எதற்கு, ஹீட்டர் எதற்கு, தான்தான் எதற்கு என்று தோன்றியது. பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அவள் சிரிப்பை வேறு ஒருத்தன் கேட்கிறான் என்று நினைத்தாலே வயிறு பற்றி எரிந்தது. அவன் தன்னைவிட நன்றாகத் தக்கைக்கு எண்ணெய் போடுகிறான் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

கார் ஓட்டத் தெரியாததால் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் அவள் தம்பி, வாய் சும்மா இருக்காத ஆள்.

"நீங்களா? ஆத்துக்கா?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "மாமா, எதுக்கும் ஒரு துண்டு எடுத்துக்கங்க. மூக்குக்கு."

"வண்டியை எடு."

"அக்கா கூடவே போயிருக்கலாமே? எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு?"

"ஆச்சரியப்படுத்தப் போறேன்."

"அது நடக்கும். நீங்க ஆத்தங்கரையில நின்னா மீனே ஆச்சரியப்படும்."

கம்பளி மப்ளரைக் காதுவரை சுற்றி, குரங்குக் குல்லாய் மாட்டி, மேலே மச்சானுடைய பெரிய கோட்டையும் போட்டுக்கொண்டு ரீல்காரர் இறங்கினார். மச்சான் காரிலேயே சாய்ந்து தூங்கப் போய்விட்டான். அப்பா, அது என்ன குளிர்! மூச்சு வெளியே வந்த கையோடு புகையாக நின்றது. புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் காலுக்கடியில் நொறுங்கியது. தும்மலை மென்று முழுங்கிக்கொண்டு, ஒரு புதருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

கரையில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் அவர் மனைவி. பக்கத்தில், சொல்லி வைத்த மாதிரி, மீசை. இரண்டு தலையும் எதன்மீதோ குனிந்திருந்தன. அவள் ஏதோ சொன்னாள். மீசைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டு முக்காலியில் உட்கார்ந்து சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

ரீல்காரர் புதரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார். பெரிதாகக் கர்ஜிக்க நினைத்துத்தான் வாயைத் திறந்தார். வந்தது தும்மல். ஒன்று இல்லை, வரிசையாக. அது முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கடைசியில் கேட்டார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. "போன குளிர்காலத்திலேர்ந்து" என்றாள்.

இல்லை என்று சொல்வாள் என்றல்லவா நம்பி வந்திருந்தார்! அப்படியே பாறையின் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் அவள் மடியைப் பார்த்தார். விரித்த துணிமேல் ஒரு ரீல் பிரித்துக் கிடந்தது. அது அவளுடைய ரீல் இல்லை. தோல்பைக்காரருடையது. பக்கத்தில் கசங்கிய துணி, அதில் மஞ்சளாக, கெட்டியாக, அவருடைய மருந்து. எண்ணெய்க் குப்பி அவள் கையில் இருந்தது. தோல்பைக்காரர் மூடியையும் திருகையும் உள்ளங்கையில் ஏந்தி, ஆபரேஷனில் நர்ஸ் நிற்கிற மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"அது நான் சர்வீஸ் பண்ணிக் குடுத்த ரீல்" என்றார்.

"ஆமாங்க" என்றாள்.

"நல்லாத்தானே இருந்தது? நானே சுத்திப் பாத்துத்தானே குடுத்தேன்?"

அவள் இன்னும் எண்ணெய் மாற்றாத வேறு ஒரு ரீலைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள். அதுவும் அவர் கடையில் வேலை பார்த்ததுதான். "இதை இப்பச் சுத்திப் பாருங்க."

ரீல் ஐஸ்கட்டி போல் சில்லிட்டுக் கிடந்தது. நூலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வரவில்லை. திடுக்கென்று ஒரு முட்டு முட்டி, பிறகு கரகரவென்று வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். அதே முட்டு. மூடியைக் கழற்றினார். அவருடைய மருந்து தக்கையின்மேல் சோப்புக் கட்டியாக இறுகிப் போயிருந்தது. நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தது.

கடையில் இது வெண்ணெயாக வழுக்கும். ஹீட்டருக்கு மேலே, மேஜைமேல் வைத்து அவர் சுற்றிப் பார்க்கிறபோதெல்லாம் வெண்ணெயாகத்தான் வழுக்கியது. எல்லா ரீலும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வந்ததே இல்லையே!

"எல்லாரு நூலும் அறுந்துச்சுங்க" என்றாள் மனைவி மெதுவாக. "நல்ல மீன் மாட்டும், முதல் இழுப்புல பட்டுனு போயிடும். உங்ககிட்ட வந்து சண்டை போடறேன்னு கிளம்பினாங்க. நான்தான் வேணாம், குடுங்க, நான் பாக்கறேன்னு வாங்கினேன். இவர் குளிர்ல உறையாத எண்ணெய்னு இதைக் குடுத்தார். போட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நூல் அறுந்துபோகுதுங்க, ரீல்ல என்னமோ சிக்குதுன்னு போன வருஷமே சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? 'உனக்கு மீன் பிடிக்க நிதானம் பத்தாது'ன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தார். ஞாபகம் வந்தது. மேஜையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லியிருந்தார்.

அவள் தன் ரீலை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் நூலை இழுத்தார். அந்தக் குளிரிலும் அது எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் வந்தது. திருகு தளர்ந்திருந்ததே, அதற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. தானே வேலை செய்கிறவளுக்குத்தான் தக்கை நசுங்கினால் வலிக்கும்.

ஆக, இன்னொருத்தன் என்று யாரும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பெண்டாட்டி தன்னுடையவள்தான், மீசைக்காரர் வெறும் எண்ணெய்க்காரர்தான். ஆனால் நிஜத்தைச் சொல்ல வேண்டுமென்றால், இன்னொருத்தன் இருந்திருந்தால்கூடத் தேவலையே என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றிவிட்டது. அவனை அடித்திருக்கலாம், அழுதிருக்கலாம், ஊரே இவர் பக்கம் நின்றிருக்கும். இரண்டு வாரமாக இவர் வயிறெரிந்த அந்தக் கை, தன் கையைவிட நல்ல கை, இவர் வீட்டில் இவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்த கை. அதன்மேல் எப்படிப் பாய்வது? பொறாமை மட்டும் அப்படியே இருந்தது, போவதற்கு இடமில்லாமல்.

"யாரு அவன்?" என்று கேட்க அத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்தார். இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. "எவ்வளவு எண்ணெய் போடறே?" என்பதுதான் அது. வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆற்றுக்குள்ளிருந்து ஒருத்தர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். கடைக்கு வருகிறவர்தான். குல்லாய்க்கும் மப்ளருக்கும் நடுவில் இரண்டு கண் மட்டும் தெரிந்த ரீல்காரரை வந்தவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அம்மா, என்னுதையும் கொஞ்சம் பாத்துடுங்க. நேத்துதான் கடையிலேர்ந்து திருப்பி வாங்கிட்டு வந்தேன். நம்மாளு பசையை அப்படியே அப்பி வச்சிருக்காரு" என்றார். பிறகு குல்லாயைப் பார்த்து, "இவர் புதுசா?" என்றார்.

தோல்பைக்காரர் மீசைக்குள் இருமினார். மனைவி கணவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஆமா, புதுசு" என்றாள். "ஆனா வேலை தெரிஞ்சவர். அவர்கிட்ட குடுங்க."

ரீல் அவர் கைக்கு வந்தது. விரலெல்லாம் குளிரில் மரத்திருந்தன. மூடியைத் திறந்து, தன்னுடைய மருந்தைத் தானே வழித்தார். ஒரு வருஷம் காய்ச்சிப் பக்குவம் பார்த்த மருந்து, கந்தைத் துணியில் அழுக்காகப் போனது. குப்பியைச் சாய்த்தார். தக்கை எண்ணெயைக் குடித்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். மூடினார். நூலை இழுத்துப் பார்த்தார். வழுக்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் கர்வமாகவே நீட்டினார்.

வாங்கினவர் ஒரு சுற்றுச் சுற்றினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் ரீலை அவளிடம் கொடுத்தார். "எதுக்கும் நீங்க ஒரு தடவை பாத்துடுங்கம்மா."

அவள் வாங்கினாள். காதருகே வைத்து மெதுவாகச் சுற்றினாள். ரீல்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் பேசப் போன அன்று, இவள் சரி சொல்வாளா மாட்டாளா என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாரே, அதற்கப்புறம் இப்படிப் பார்த்ததில்லை.

அவள் சுற்றுவதை நிறுத்தினாள். மூடியைத் திறந்து, சுண்டுவிரலைத் தக்கையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் கூடிப்போச்சுங்க" என்றாள்.

துடைக்கத் துணி தேடினாள். அது அவர் மடியில் கிடந்தது. அவர் மஞ்சள் படாத பக்கமாக அதை மடித்து அவளிடம் எடுத்துக் கொடுத்தார்.